கட்டம் திறக்கும் மாப்பிள்ளை

என் மகளைக் கட்டியவருக்குத் தொழில், திரையில் கட்டம் வரவைப்பது. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதுகிறார். இணையத்தில் நாம் நிரப்பும் படிவத்தில் "பிள்ளைகள் உண்டா?" என்ற கேள்விக்கு "உண்டு" என்று தட்டினால் பெயர் எழுத ஒரு வரி முளைக்கும். "இன்னொன்று" என்ற பட்டனைத் தட்டினால் இன்னொரு வரி. "இல்லை" என்றால் ஒன்றும் முளைக்காது. இந்த முளைப்பையும் மறைவையும் கவனிக்க ஒரு மனிதர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார் என்பது, அவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வரும்வரை எனக்குத் தெரியாது.

வீட்டிலும் ஆள் அப்படித்தான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கமே கிடையாது. ஒருமுறை காய்ச்சல் என்று படுத்தார். நான் நோயாளிகளைப் பராமரிக்கப் படித்து, அந்த வேலையிலேயே முடி நரைத்தவள். தலைவலி இருக்கிறதா, வாந்தி வந்ததா என்று வரிசையாகக் கேட்டேன். ஒழுங்காகப் பதில் சொன்னார். காது வலிப்பதை மறுநாள்தான் சொன்னார்.

"ஏன் மாப்பிள்ளை, நேத்தே சொல்லலாம்ல?"

"காதைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே அத்தை."

போன வருடம் அவருடைய கம்பெனிக்கு ஒரு முதியோர் இல்லத்தின் வேலை கிடைத்தது. புதிதாகச் சேருகிறவர்களின் விவரத்தை வாங்கும் படிவம். நான் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அதே இல்லம்தான். அங்கே மேலாளர் அம்மா படிவத்தை ஏற்றுக்கொண்டால் மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேலை போகும். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மகள் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மகள் மேல் எனக்குப் பாசம் உண்டு. குளியலறை ஒன்றுதான் உண்டு. ஆகவே மாப்பிள்ளை ஜெயிக்கவேண்டும் என்று அவரைவிட நான் அதிகம் விரும்பினேன்.

படிவத்தை ஓட்டிக் காட்டும் நாளன்று, மேலாளர் அம்மா நிஜ ஆளை வைத்தே பார்த்துவிடலாம் என்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் அவர் மகள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்?" என்று படிவம் கேட்டது. கண்டக்டர் சொல்லச் சொல்ல வரிகள் முளைத்தன. மூத்தவன், சின்னவன், மகள். எனக்கே பெருமையாக இருந்தது.

"தம்பி, அந்தச் சின்னவனை எடுத்துருப்பா," என்றார் கண்டக்டர். "ஃபோன் பண்ணா எடுக்க மாட்டான். எடுத்தா வைக்க மாட்டான்."

மாப்பிள்ளை நடு வரியை அழித்தார். சின்னவன் அங்கேயே இருந்தான். மகளைக் காணோம்.

"அப்பா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றாள் அவள்.

மாப்பிள்ளை அவளை மறுபடி சேர்த்து, சின்னவனை மறுபடி அழித்தார். மறுபடியும் அவளே போனாள்.

"சின்னவன் கம்ப்யூட்டரையும் கைக்குள்ள போட்டுக்கிட்டான் பாரு," என்றார் கண்டக்டர்.

மேலாளர் அம்மா சிரிக்கவில்லை. "தப்பான ஆளுக்கு ஃபோன் போனா யார் பதில் சொல்றது? மதியச் சாப்பாடு முடியறதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா வேற கம்பெனியைப் பாத்துக்கறேன்."

துணி வைக்கும் அறையில், போர்வை அடுக்கின் மேல் லேப்டாப்பை வைத்து மாப்பிள்ளை உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது. தண்ணீர் கொடுத்தேன்.

"எத்தனையோ தடவை அழிச்சுப் பாத்தேன் அத்தை. இந்தா பாருங்க." மூன்று வரியிலும் 'அ' என்று தட்டி நடு வரியை அழித்தார். இரண்டு 'அ' மிச்சம் இருந்தன. "சரியாத்தானே..." என்றவர் அப்படியே நிறுத்தினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். பிறகு அ, ஆ, இ என்று தட்டி 'ஆ'வை அழித்தார். 'இ' போனது.

"எப்பவும் எல்லா வரியிலயும் 'அ'தான் போடுவேன் அத்தை. சோம்பேறித்தனம். எந்த வரி போச்சுன்னு எப்படித் தெரியும்?"

அவர் விளக்கியது இது: படிவத்தைத் தாங்கும் ஃபிரேம்வொர்க் என்ற ஆயத்த மென்பொருள், வரிகளை இடத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்ததாம். நடு வரி போனதும் மகள் இரண்டாவது இடத்துக்கு வருகிறாள். ஆனால் இரண்டாவது இடம் என்றால் அதற்குச் சின்னவன் ஞாபகம், அவனையே எழுதிவைத்துவிடுகிறது. இனி ஒவ்வொரு வரிக்கும் கடைசிவரை மாறாத ஓர் எண். பாதி புரிந்தது, மீதி எனக்குத் தேவையில்லை. வாசலில் நின்று, போர்வை கேட்டு வந்த இரண்டு பெண்களைத் திருப்பி அனுப்பினேன். அதுதான் என்னால் ஆன உதவி.

சாப்பாட்டுக்குப் பிறகு சின்னவன் ஒழுங்காகப் போனான். கண்டக்டர் காலியான இடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏன் எடுத்தேன்னு எழுத இடம் இல்லையா தம்பி?"

மேலாளர் அம்மா நிமிர்ந்தார். "ஆமா, காரணம் வேணுமே. நாளைக்குச் சின்னவர் வந்து சண்டை போட்டா காட்டணும்ல."

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அழித்தால் காரணம் கேட்கும் கட்டம் ஒன்றை அங்கேயே உட்கார்ந்து செய்தார். கண்டக்டர் சின்னவனின் பள்ளிக்கூடக் காலத்தில் ஆரம்பித்தார். கட்டம் நிறைந்தது, மாப்பிள்ளை பெரிதாக்கிக் கொடுத்தார். கதை சின்னவனின் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் மகள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். மேலாளர் அம்மா தேநீர் குடித்துக்கொண்டே ஏற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வாரக் கடைசியில் மாப்பிள்ளை ஃபோன் செய்தார்.

"அத்தை, வேலை நிரந்தரமாயிடுச்சு. ஒரு வாரம் லீவும் குடுத்திருக்காங்க. உங்க வீட்டுல வந்து இருக்கலாம்னு இவ சொல்றா."

"ஒரு வாரம்தானே?" என்றேன்.

"ஆமா அத்தை."

"வாங்க."

அவருடைய அம்மாவும் கூட வருவதை வாசலில்தான் தெரிந்துகொண்டேன். நான் கேட்கவில்லை.