சுபாஷினி படுத்துக் கிடந்த சனிக்கிழமை

இது நடந்த கதை. ஒரு பொட்டுப் பொய் கிடையாது. எதிரே சின்னையா அண்ணன் கோப்பியைக் கடை மேசையில் வைத்துவிட்டு முறைக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி ருக்குமணி அக்கா சிரிக்கிறார். சரி சரி, துணிக்குவியலின் உயரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டியிருக்கிறது. மற்றதெல்லாம் சத்தியம்.

நம் சுங்கை பினாங் அடுக்குமாடியில் எட்டாவது மாடி சுபாஷினியைத் தெரியுமல்லவா? ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர வேலை. கணவன் ஹரீஷ் லாரி எடுத்துக்கொண்டு ஜொகூர் பக்கம் போனால், திரும்பி வருவதற்குள் பிள்ளைகளுக்கு மீசை முளைத்துவிடும். போதாக்குறைக்கு மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. துவைக்காத துணி பினாங்கு மலை உயரத்துக்கு ஏறிவிட்டது. உச்சிக்கு ரயில் விட்டிருந்தால் சுற்றுப்பயணிகள் வரிசையில் நின்றிருப்பார்கள். ஒரு காலையில் மகனுடைய தண்ணீர்ப் போத்தலில் மீன் குழம்பை ஊற்றி அனுப்பினாள். இன்னொரு நாள் சிவப்பு விளக்கில் மோட்டாரை நிறுத்தியவள் அப்படியே தூங்கிவிட்டாள். பின்னால் நின்றவர்கள் அடித்த ஹாரனில் தீவின் மறுகோடி பாலிக் புலாவில் டுரியான் பழம் பொலபொலவென்று உதிர்ந்ததாம்.

அதில் பயந்துபோய்த்தான் ஆசியா பீவியைக் கூப்பிட்டாள். ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் ஏறி சனிக்கிழமைதோறும் வந்து, வீடு துடைத்து, துணி துவைத்துக் கொடுக்கும் அக்கா. அவரை விட்டால் இந்தப் பக்கம் வேறு ஆள் கிடையாது.

இங்கேதான் சுபாஷினி நம் ஆட்களின் புத்தியைக் காட்டினாள். வீட்டுக்கு ஒருவர் வருகிறார், இந்தக் கோலத்தையா காட்டுவது? வெள்ளிக்கிழமைதோறும் வேலை விட்டு வந்ததும் கூட்டினாள், துடைத்தாள், துணியை அலசிப் போட்டாள். விடிந்ததும் மோட்டாரில் போய் பீவிக்கு நாசி கண்டார் சோறு வாங்க வரிசையில் நின்றாள். பீவி வரும்போதே தரை கண்ணாடி மாதிரி மின்னும்.

"உக்காருங்கக்கா, பசியாறுங்க."

மூன்றாவது சனிக்கிழமை பீவி சாப்பாட்டைத் தொடவில்லை.

"தங்கச்சி, அடுத்த வாரத்துலேருந்து நான் வரல."

சுபாஷினி பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "ஏங்க்கா? சாப்பாடு சரியில்லையா?"

"சாப்பாடு நல்லாத்தான் இருக்கு. வேலதான் இல்ல. நான் என்ன பொண்ணு பாக்கவா வந்தேன்? சம்பளம் வாங்க கை கூசுது லா."

"அழுக்கா கெடந்தா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு..."

"வேல இருக்குன்னு நெனப்பேன்! உன் கண்ணப் பாரு, பாண்டா கரடி மாரி இருக்கு."

உள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார்: "என் மாவுக்கட்டக்கூட தொடச்சு வச்சிருக்கா, பீவி!"

"கேட்டுக்க. அடுத்த சனிக்கிழம மங்கு தட்டெல்லாம் கழுவாம கெடக்கணும். துணி அப்படியே கெடக்கணும். நீயும் படுத்துக் கெடக்கணும். இல்லன்னா நான் வேற வீட்டுக்குப் போயிடுவேன்."

அதற்குப் பதில் அவளை லாரியைத் தோளில் தூக்கச் சொல்லியிருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை சிங்க்கில் கிடந்த தட்டெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டன. ஒரு கரண்டியை எடுத்தாள். பீவி வராத வீட்டை நினைத்தாள். கரண்டியைத் திரும்பப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் கதவுக்குள் நுழைந்த பீவி சிங்க்கைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் வீடு மாரி இருக்கு. போ, படு."

படுத்தாள். அவள் விட்ட குறட்டையில் கொம்தார் கோபுரம் லேசாக ஆடியது. எழுந்தபோது துணியெல்லாம் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. பீவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் வருவீங்களாக்கா?"

"இன்னும் கொஞ்சம் அழுக்காக்கி வை, வரேன்."

"இதெல்லாம் ஒரு கதையா?" என்கிறார் சின்னையா அண்ணன். "எச்ச மங்க அடுத்தவங்களுக்குப் போட்டு வக்கிறதா? வீட்டுப் பொம்பள ரெண்டு நிமிஷத்துல கழுவிடலாம் லா."

ருக்குமணி அக்காவின் சிரிப்பு நின்றுபோகிறது. "ரெண்டு நிமிஷமா? நீங்க எப்பக் கழுவிப் பாத்தீங்க?"

"ஏன், போன தீபாவளிக்கு நான் கழுவல?"

"கழுவல, ஒடச்சீங்க!"

கோப்பி கலக்கும் கடைக்காரர் முகம்மது சுல்தான், "அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று வாயைத் திறக்கிறார். திறந்திருக்கக் கூடாது. ருக்குமணி அக்கா நாற்காலியோடு அவர் பக்கம் திரும்புகிறார்.

"நீங்க பேசாதீங்க பாய்! உங்க வீட்டு மங்க யாரு கழுவுறா? கூப்பிடுங்க உங்க சம்சாரத்த, இப்பவே கேட்டுடலாம்!"