மடியில் வைக்கத் தராத பை

தொண்ணூறுகளில் மயிலாப்பூரிலிருந்து தி. நகர் போகும் பஸ்ஸில், உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பைகளை மடியில் வாங்கி வைத்துக்கொள்வோம். தினமும் என்னோடு வரும் ஓர் அம்மா, சாப்பாடு வைத்த ஒயர் கூடையை மட்டும் என்னிடம் நீட்டுவார். தோளில் தொங்கும் விலை உயர்ந்த வெளிநாட்டுத் தோல்பையை எவ்வளவு நெரிசலிலும் தர மாட்டார். மழை பெய்தால் முந்தானையைப் பைக்குப் போர்த்திவிட்டு அவர் நனைவார்.

ஒருநாள் கூட்டம் தாங்காமல் தந்தார். அதுவும், "கையில எண்ணெ இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான். பை வெண்ணெய் போல மெத்தென்று இருந்தது. அதை நீட்டிய விரல்களோ வறண்டு வெடித்திருந்தன.

"எப்படிங்க இதை இவ்ளோ பளபளப்பா வெச்சிருக்கீங்க?"

"துபாய்லேர்ந்து பொண்ணு ரெண்டு க்ரீம் அனுப்பிச்சிதுமா. ஒண்ணு பைக்கு, ஒண்ணு என் கைக்கு. நான் ரெண்டையுமே பைக்குத்தான் தடவிக்கினு கீறேன். அதோட மொத சம்பளத்துல வாங்குன பையாச்சே!"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. மறுநாள் கைக்குத் தடவும் க்ரீம் ஒன்று வாங்கிப் போய், "இது உங்களுக்கு" என்று அழுத்திச் சொல்லிக் கொடுத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா வாசனையா கீதுமா. பைக்கு ஒத்துக்குமா?"