மான் மேல் விழுந்த பழி

அமெரிக்காவின் எடிசனில் மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை வெயில் அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் போதும், எங்கள் தெருவின் சாஃப்ட்வேர்காரர்கள் அத்தனை பேரும் தோட்டக்காரர்கள் ஆகிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கத் திரையைத் தவிர எதையும் பார்க்காதவர்கள், அன்று மண்ணை எடுத்து முகர்ந்து தலையாட்டுவார்கள். அதில் முதல் ஆள் என் கணவர்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு சனிக்கிழமை. புல்வெளி ஓரத்தில் குரோக்கஸ் ஊதாவாகத் தலைகாட்டியிருந்தது. டாஃபடில் இன்னும் மொட்டுதான். அவர் புதுக் கத்தரியும் முழங்கை வரை ஏறும் கையுறையுமாக இறங்கினார். மட்கிய இலைகளை வாரினார், ரோஜாவைக் கவாத்து செய்தார். அதுவரை குற்றமில்லை. அதோடு கை நிற்கவில்லை. பட்டுப்போனவைபோல் நின்ற ஹைட்ரேஞ்சா குச்சிகளையும் தரையோடு வெட்டினார்.

"ஹார்ட் ப்ரூன் பண்ணணும். பாவம் பாக்கவே கூடாது" என்று அறுவை சிகிச்சை நிபுணர்போல என் போனைப் பார்த்துச் சொன்னார். நானும் பெருமையாக அந்த வீடியோவைத் தோழிகளின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஆலன் என்ற ஊரில் இருக்கும் ஒருத்தி அன்று மாலையே தன் செடியை வெட்டிப் படம் அனுப்பினாள்.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற டாக்டர் ஆன்ட்டி, யாழ்ப்பாணத்துக்காரர். வேலியோரம் அவர் வளர்த்த நீல ஹைட்ரேஞ்சாவைப் பார்க்க, ஜூனில் கார்கள் வேகம் குறைக்கும். மகளைப் பார்க்க டொராண்டோ போகும்போது தபாலை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். தபாலை மட்டும்தான். இவர் கத்தரியோடு அந்தச் செடியிடமும் போனார். கேட்டுவிட்டுச் செய்யலாமே என்றேன். ஆன்ட்டிக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்றார் இவர். குப்பைப் பையை விரித்துப் பிடித்தது நான்தான்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்த ஆன்ட்டி வேலியோரம் வெகுநேரம் நின்றார்.

"தம்பி, இதை ஆர் வெட்டினது?"

நன்றியை வாங்கிக்கொள்ளத் தயாராக, நான்தான் என்றார் இவர்.

"போன ஆகஸ்டிலேயே இதில மொட்டு வச்சிட்டுது. நீங்கள் குச்சியை வெட்டேல்ல, பூவைத்தான் வெட்டியிருக்கிறியள். இந்த வருசம் பூக்காது."

இவர் விடவில்லை. வெட்டுவதற்கு முன் தான் பார்த்துக் கற்ற யூடியூப் வீடியோவைத் தேடி எடுத்து நீட்டினார். ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கடைசிவரை பார்த்தார். எட்டாவது நிமிடத்தில், நீலப் பூ பூக்கும் பெரிய இலை வகையை மட்டும் இப்படி வெட்டிவிடாதீர்கள் என்று அதில் பேசிய வெள்ளைக்காரப் பெண்மணி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாள்.

"முழுக்கப் பாத்தனீங்களோ, தம்பி?"

இவர் முதல் இரண்டு நிமிடம்தான் பார்த்திருந்தார்.

ஜூன் வந்தது. இரண்டு வீட்டிலும் கீரைப்பாத்தி மாதிரி செழித்த இலை, ஒரு பூ இல்லை. ஆலன்காரி எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பவில்லை.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து தெருவில் நடந்தபோது, ஆன்ட்டி வீட்டு ஹைட்ரேஞ்சா ஏன் பூக்கவில்லை என்று யாரோ கேட்டார்கள். இவர் கண் இமைக்காமல், மான் தின்றுவிட்டது என்றார். மான் தொல்லையைப் பற்றி ஐந்து நிமிட விளக்கமும் கொடுத்தார். தயிர்சாதத் தட்டோடு பின்னால் நின்ற ஆன்ட்டி நிதானமாகச் சொன்னார்:

"ஓம், நானும் பாத்தனான். கையுறை போட்ட மான்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடக்க முயன்றும் முடியாமல் நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை இவர் தனியாக ஆன்ட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். செய்ததற்கா, மான் கதைக்கா என்று நான் கேட்கவில்லை. ஆன்ட்டி தேநீர் கொடுத்து, ஒரு வேலையும் கொடுத்தார். மொட்டு குளிரில் கருகாமல் இருக்க, நவம்பரில் அந்தச் செடியைச் சுற்றி முளை அடித்து, சாக்கு கட்டி, இலைச்சருகு நிரப்ப வேண்டும். ஏப்ரல் கடைசிப் பனி போகும்வரை பிரிக்கக் கூடாது. இவர் சொன்னபடி செய்தார். வாரம் ஒருமுறை போய்க் கட்டு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தார்.

போன ஜூனில் வேலியோரம் நீலம் பொங்கியது. எங்கள் வீட்டுச் செடியில் மறுபடியும் இலைதான். அதற்குச் சாக்கு கட்ட வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.