காலி நாற்காலிகளின் குரூப் போட்டோ

அன்னூரில் எங்கள் ஊர்ப் பழைய புகைப்படங்களைச் சேர்த்து வைக்க நாங்கள் நாலு பேர் ஒரு காப்பகம் நடத்துகிறோம். காப்பகம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். உரக்கடை மாடியில் ஓர் அறை, ஒரு பீரோ, ஒரு ஸ்கேனர், பூச்சி உருண்டை வாசனை. படங்களுக்கு அடியில் யார் யார் என்று எழுதுவது என் வேலை. எனக்குப் பொறுமை கிடையாது என்று தெரிந்தே அதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

போன வருடம் வந்த ஒரு படம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பால் சொசைட்டி திறப்பு விழாவில் எடுத்த குரூப் போட்டோ. முன்வரிசை நாற்காலிகள் அத்தனையும் காலி. பின்னால் ஊர்ப் பெரியமனிதர்கள் திரண்டு நிற்கிறார்கள், ஆனால் ஒருத்தராவது கேமராவைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் இருப்பவரையும் பின்னால் இருப்பவரையும் பார்த்துத் திரும்பி, கையை நீட்டி, "நீங்க உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் உட்கார எவருக்கும் மனசு வரவில்லை. வெளிச்சம் போகிறதே என்று போட்டோக்காரர் பொத்தானை அழுத்திவிட்டார். நேராகப் பார்த்து லட்சணமாக நிற்பது ஓரத்தில் ஓர் எருமை மட்டும்தான். 'அமர்ந்திருப்பவர்கள்: எவருமில்லை' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

அந்தப் படத்தைத் தேடித்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வந்தார். வயது அறுபது இருக்கும். இவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே அப்பா தவறிவிட்டாராம். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. அவர் படத்தில் நின்றது அந்தச் சொசைட்டி விசேஷத்தில் மட்டும்தான் என்று தாய் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

எனக்குப் படத்தைக் கொடுக்கவே கூச்சமாக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார்.

"ஏனுங்க, கம்ப்யூட்டர்ல போட்டு மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்ப முடியாதுங்களா?"

முடியாது என்றேன். சொல்லும்போது அந்தப் பெரியமனிதர்கள்மேல் வந்த கோபம் இருக்கிறதே! மரியாதைக்கும் ஓர் அளவு வேண்டாமா? ஒரே ஓர் ஆள் உட்கார்ந்து தொலைத்திருந்தால் இந்த அம்மாவுக்கு அப்பா முகம் கிடைத்திருக்கும்.

அந்தப் படத்தில் இருப்பவர்களில் இன்று மிச்சம் ஒருவர்தான், தொண்ணூறை நெருங்குகிறவர். ஆள் அனுப்பி அழைத்தோம். மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அறையில் ஆடாத நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் இருந்த அந்த அம்மா சட்டென்று எழுந்துவிட்டார்.

"நீங்க உக்காருங்க பெரியப்பா."

"இருக்கட்டும் அம்மணி, நீ உக்காரு. பஸ்ஸுல வந்திருக்கறே."

"ஐயோ, நீங்க நிக்கறப்ப நானுங்களா? உக்காருங்க."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். டீ வந்தது, ஆறியும் போனது. நாற்காலி காலியாகவே இருந்தது. பெரியவர் டீயை எடுக்க அந்த அம்மாவுக்குப் பின்னால் போனதும் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீங்களாச்சும் உக்காருங்க சார்."

சொல்லும்போது அந்த அம்மாவின் இடது தோள் இறங்கி, வலது கை உள்ளங்கை தெரிய முழுசாக நீண்டு, கழுத்து சுளுக்கிக்கொண்டதுபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"அப்படியே நில்லு கண்ணு, அசையாதே" என்றார் பின்னாலிருந்து பெரியவர். படத்தை எடுத்து, நடுவில் முதுகு காட்டி நின்ற ஒருவர்மேல் விரலை வைத்தார். அதே இறங்கிய தோள், அதே கை, அதே கழுத்து. "இவந்தான் உங்கப்பன். எங்கிட்டத்தான் உக்காருன்னு மல்லுக்கு நின்னுட்டிருந்தான். இதே மாதிரிதான்."

நான் பின்னால் போய்ச் செல்போனில் அந்த அம்மாவின் முதுகைப் படமெடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கப்பன முதுகுலயே வெச்சுட்டு இத்தன வருசமாத் தேடீட்டு இருந்திருக்கறேனுங்க."

யாரும் சொல்லாமலே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.