மிச்சிகோவுக்கு ஓபி கட்டிய நாள்

இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த பிறகுதான் நான் 'அந்தப் பக்கத்து ஆள்' ஆனேன். எந்தப் பக்கம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னாலிருந்த ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். ஒருநாள் காலையில் வீட்டுக்காரச் சிஞ்ஞோரா என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "சாந்தி, நீரும் அந்தப் பக்கம்தானே. என்ரை மருமகளுக்குக் கிமோனோ உடுத்திவிடும்" என்றார்.

மருமகள் மிச்சிகோ ஜப்பான்காரி. வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தாள். சிசிலிக்காரனைக் கட்டியதால் கலியாணத்துக்கே வராத அவளுடைய தாய், அன்று மதியம் முதன்முறையாக வரப்போகிறார். புருஷன் விமான நிலையத்துக்குப் போய்விட்டான். தாய் வாங்கிக் கொடுத்த பருத்திக் கிமோனோவுடன்தான் அவர் முன்னால் நிற்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம்.

"எனக்குச் சேலைதான் தெரியும்" என்றேன் மிச்சிகோவிடம்.

"பரவாயில்லை. நான் சொல்லித் தாறன்."

எங்கள் இருவருக்கும் இருந்தது அரைகுறை இத்தாலியன் மட்டும். அவளுக்கு எதிரே நின்று கிமோனோவில் அவளுடைய வலப்பக்கத்தை மேலே கொண்டுவந்து மூடினேன். அவள் முகம் மாறியது. "மோர்த்தா" என்றாள். செத்தவள். யாரோ செத்த செய்தி வந்துவிட்டதென்று நினைத்துக் கிமோனோவை விட்டுவிட்டேன். நான் திகைத்து நிற்பதைக் கண்டு, அவள் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கண்ணை மூடிக் காட்டினாள். அப்போதுதான் விளங்கியது: அவர்கள் பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு இடப்பக்கம் மேலே வரவேண்டும்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின வருடம் யாழ்ப்பாணத்தில் அம்மா செத்தபோது, இங்கே வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ கிடைக்காததால் நான் போகவில்லை. அம்மாவுக்கு யார் சேலை உடுத்தினார்கள், எந்தச் சேலை என்று அதுவரை யாரிடமும் கேட்டதுமில்லை. மிச்சிகோவிடம், "மம்மா. மோர்த்தா" என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து வந்து, நல்ல கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஓபியை நீட்டினாள். இடுப்பில் கட்டும் அந்தப் பட்டி ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அகலம். வீட்டு உடுப்புக்கு அதுவே போதுமாம். இரண்டு சுற்றுச் சுற்றினேன். "ஸ்த்ரெத்தோ" என்றாள். இன்னும் இறுக்கினேன். இரு முனைகளையும் முடிந்து, ஒன்றை மடித்து இரண்டு இறக்கைகளாக்கி, மற்றதால் அதன் நடுவைக் கட்டிச் செருகவேண்டும். முதல் தடவை அவிழ்ந்து விழுந்தது. இரண்டாம் தடவை, சேலைக்குக் கொய்யக மடிப்புப் பிடித்துப் பழகிய விரல்கள் தாமாகவே மடித்துக்கொண்டன. கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்த மிச்சிகோ ஒன்றும் திருத்தச் சொல்லவில்லை.

தாய் வந்தார். மெலிந்த மனுசி. மகளின் முகத்தைக் கூடச் சரியாகப் பாராமல் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். ஓர் இறக்கையைச் சற்றே கீழே இழுத்துவிட்டு, முடிச்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். கையை எடுக்கவில்லை. மிச்சிகோ அழத் தொடங்கினாள்.

கதவோரம் நின்ற என்னைக் காட்டித் தாய் ஏதோ கேட்டார். எந்த ஊர் என்று கேட்டிருப்பார். மிச்சிகோ நீளமாகப் பதில் சொன்னாள். அதில் எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்: பலேர்மோ. தாய் என் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினார். இல்லையம்மா, நான் யாழ்ப்பாணம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாக நானும் குனிந்தேன்.