ஞாயிற்றுக்கிழமை முறைத் தண்ணீர்

ஞானமுத்து அண்ணன் போய்விட்ட செய்தி சனிக்கிழமை காலை வந்தது. நம் ஆலய மணிக்கு நான் புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவர் மகன் சைக்கிளை விட்டு இறங்காமலே, "சித்தப்பா, அப்பா போயிட்டாங்க. நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம்" என்றான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையில் குழி வெட்ட வேண்டும். அழுகைக்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று சபையின் பழைய ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சபைப் பத்திரிகையில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழையைப் போதகர் திருத்திக்கொள்ளட்டும்.

நம் சபைக்கு ஒரு பழைய விசுவாச அறிக்கை உண்டு. நாம் எதை நம்ப வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று கடலுக்கு அப்பால் ஏதோ குளிர் தேசத்தில் எழுதியது. போதகரோடு சேர்ந்து சபையை நடத்த மூப்பராகத் தெரிந்தெடுத்தவரைச் சபை முன்னால் நிறுத்தி, "இதை ஏற்கிறீரா?" என்று போதகர் கேட்பார். எந்த இடமாவது மனசுக்கு ஒவ்வாவிட்டால் அப்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது முறை. யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. ஏற்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவார்கள். பாதிப் பேர் அதைப் படித்தே இருக்கமாட்டார்கள். அண்ணன் படித்துத் தொலைத்துவிட்டார்.

புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து, குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் ஆகியிருந்த காலம் அது. அறுப்புக்கு அறுப்பு தகராறு, தெருவுக்குத் தெரு கொடி. நமக்குக் குத்தகைக்கு நிலம் விட்டிருந்த பண்ணையின் காரியஸ்தர் மட்டும் சண்டைக்கே வரவில்லை. அந்த வருஷம் தண்ணீர் தட்டுப்பாடு. வாய்க்காலில் ஆளுக்கொரு நாள் முறை வைத்தார்கள். நமக்கு அவர் ஒதுக்கியது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நாம் மண்வெட்டியைத் தொடமாட்டோம் என்பது வலங்கைமான் கடைத்தெரு வரைக்கும் தெரியும். மாற்றிக் கேட்கப் போனவர்களிடம், "உங்க சாமி நாளாச்சே, சாமியே வந்து மடை திறப்பாரு" என்றாராம். முதல் ஞாயிறு நாங்கள் உள்ளே சங்கீதம் பாடினோம். வெளியே தண்ணீர் நம் வயலைத் தாண்டிப் போனது. பயிர் பொதிகட்டும் நேரம், கதிர் உள்ளே திரள்கிற சமயம். கருகவிட்டால், சாகுபடி செய்யாமல் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி நிலத்தைப் பிடுங்கிவிடலாம்.

அடுத்த ஞாயிறுதான் அண்ணனை மூப்பராக்கும் ஆராதனை. போதகர் கேள்வியைக் கேட்டார்.

"ரெண்டு இடம் இடிக்குதுங்க ஐயா" என்றார் அண்ணன். "போப்பாண்டவர எதிர்க்கிறிஸ்துன்னு போட்டிருக்கு. வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்களுக்கு வருஷா வருஷம் நம்ம வீட்டுலதான் மோர். அவங்க பெரியவர அப்படிச் சொல்லிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊத்துறது?"

"அதான் மோர்ல அவ்வளவு தண்ணியாண்ணே?" என்று நான் பின்னாலிருந்து கேட்டேன். போதகர் முறைத்தார்.

"இன்னொன்னு, ஞாயித்துக்கிழம வேலையப் பத்தி நினைக்கவே கூடாதுங்கிறது. இப்ப நீங்க பிரசங்கம் பண்ணுறப்ப நான் மடையத்தான் நினைச்சிக்கிட்டிருந்தேன்."

போதகர் நல்ல மனுஷன். தப்பிக்க வழி காட்டினார். "தேவையான வேலைக்கும் இரக்கமான வேலைக்கும் அறிக்கையே இடம் குடுக்குதே ஞானமுத்து. இதையும் அதுல சேத்துக்கலாமே."

"அந்தச் சந்துல நுழைஞ்சா நாளைக்கு எல்லா வேலையும் தேவையாயிடுங்க. நான் ஒத்துக்கலைன்னே எழுதிக்குங்க. மூப்பர் ஆகாட்டியும் பரவாயில்ல."

அன்றைக்கு அவர் மூப்பர் ஆகவில்லை. விஷயம் நம்மைப் போன்ற சபைகளுக்கெல்லாம் மேலே இருக்கும் மேல்சபைக்குப் போனது. அண்ணன் கடைசி ஜெபம் வரைக்கும் இருந்து, ஆமென் சொல்லி, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார். நாங்கள் பாதிப் பேர் பின்னால் போனோம். மீதிப் பேர் ஆலய வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதகில் நின்ற காரியஸ்தர், "என்னய்யா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே?" என்றார்.

"ஆமாங்க. நீங்க குடுத்த கிழமதான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் மடையை வெட்டினார்.

பயிர் பிழைத்தது. நிலமும் நின்றது. ஞாயிறு இனி உதவாது என்று தெரிந்ததும் காரியஸ்தர் நமக்குச் செவ்வாய்க்கிழமையைக் கொடுத்துவிட்டார். மேல்சபையின் பதில் சாவகாசமாக வந்தது: கருத்து வேறுபாட்டோடே அவர் மூப்பராக இருக்கலாம். பிற்பாடு அந்தப் போப்பாண்டவர் வரியும் கட்டாயமில்லை என்று அவர்களே விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் அண்ணன் மண்வெட்டியைத் தொட்டதில்லை. "ஒத்துக்காத ஆளு எங்களவிட ஒழுங்கா ஓய்வெடுக்கிறீங்களேண்ணே" என்று சீண்டிப் பார்த்தேன்.

"ஓய்வு வேணாம்னு எப்படா சொன்னேன்? என் ஓய்வ வச்சி அந்தாளு தண்ணியத் திருப்பிக்கிறதுதான் வேணாம்னேன்."

போன ஞாயிறு அவருக்குக் குழி வெட்டினோம். இப்போதைய போதகருக்குச் சின்ன வயசு. எங்கள் சங்கடத்தைப் பார்த்து, "இது தேவையான வேலைதாங்க, தப்பில்ல" என்று ஆறுதல் சொன்னார். "அண்ணனுக்கு அந்தச் சந்து பிடிக்காதுங்க ஐயா" என்றேன். அன்றைக்கு அவருக்குப் புரியவில்லை. இதைத் திருத்தும்போது புரியும்.

அண்ணனின் இடத்துக்கு என் பெயரையும் சொல்லியிருக்கிறார்களாம். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான்: முன்னால் தலையாட்டிவிட்டுப் பின்னால் போய் மடை வெட்டாமல், எழுந்து நின்று சொல்லிவிட்டு வெட்டுவது. அதனால் என்னை நிறுத்திக் கேட்கும் ஞாயிறு, போதகர் பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு இடிக்கிற இடம் இரண்டோடு நிற்காது.