கண்ணாடிக் குளியலறை

மன்னார்த் தீவின் இந்த ஆடம்பர விடுதியில் என் குளியலறைக்குக் கடல் பக்கம் சுவரில்லை, கண்ணாடிதான். கரையில் வலை இழுப்பவர்களுக்கு நான் பல் தீட்டுவதுகூடத் தெரிகிறது. திரை கேட்கிறேன். அறை துப்புரவாக்கும் றீற்றா அக்கா சிரிக்கிறார்.

"உங்களுக்குக் கண்ணாடியாவது இருக்கு. வேலை செய்யிற எங்களுக்குக் கக்கூசே கட்டேல்லை."

"அப்ப எங்க போறனீங்கள்?"

"றோட்டுக்கு அங்கால, தெரிஞ்ச வீட்டுக்கு. இண்டைக்கு அவையள் பூட்டிட்டுப் போயிட்டினம். காலமையில இருந்து நான் தண்ணியும் குடிக்கேல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விருந்தினர் மிதக்க இத்தனை நீச்சல் குளம் வரைந்த கட்டடக் கலைஞருக்கு, வேலை செய்யும் இந்தப் பெண்களுக்கு ஒரு கழிப்பறைக் கதவு வரையத் தோன்றவில்லை. கட்டில் விரிப்பை உருவி, கண்ணாடியை மறைத்துக் கட்டுகிறேன்.

"உள்ளுக்குப் போங்கோ அக்கா."

"மனேஜர் கண்டால் வேலை போயிடும்."

கதிரையை இழுத்துப்போட்டு அறை வாசலில் உட்காருகிறேன். "வரட்டும். அவரோடதான் நான் கதைக்கோணும்."

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கிறது.